சோதனையில் தேறிய பக்கமும் ஏன் பேச மறுக்கிறது?

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையின் நீளம் ஏறத்தாழ 237 கிலோமீட்டர். தொண்டிப் பக்கம் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று சுற்றிக்கொண்டு கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வழியாகச் சாயல்குடிப் பக்கம் வரை போகிறது. கலெக்டர் ஆபீசும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் ராமநாதபுரத்தில் இருக்கின்றன. ராமேஸ்வரத்திலிருந்து அங்கே வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் உட்கார வேண்டும். பார்வை இல்லாதவர் என்றால் துணைக்கு ஒருவர் வர வேண்டும், அவருக்கு அன்றைய கூலி போய்விடும். ஒரு விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே போனில் முடிக்க முடிந்தால் இரண்டு பேருக்கு ஒரு நாள் மிச்சம். இணையதளத்தையும் செயலியையும் எல்லோரும் பயன்படுத்தும்படி கட்டுவதைப் பற்றி, அதாவது அணுகல்தன்மையைப் பற்றி, இந்தக் கரையிலிருந்து எழுதுவதற்கு அதுதான் காரணம்.

மண்டபத்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். சர்க்கரை நோயில் பார்வை போனவர். ஆண்ட்ராய்டு போனில் வரும் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடரை வைத்து வாட்ஸ்அப் குரல் செய்தி, யூடியூப், போன் எல்லாவற்றையும் யார் உதவியும் இல்லாமல் ஓட்டுகிறார். விரலைத் திரையில் நகர்த்தினால் விரலுக்குக் கீழே இருப்பதை அது சத்தமாகச் சொல்லும். வங்கிச் செயலி ஒன்றைத் திறந்தால் மட்டும் கதை மாறிவிடுகிறது. "அன்லேபிள்ட், பட்டன். அன்லேபிள்ட், பட்டன். அன்லேபிள்ட், பட்டன்." திரையில் அழகான சின்னங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று பணம் அனுப்ப, ஒன்று இருப்பைப் பார்க்க, இன்னொன்று வெளியேற. எந்தப் பட்டனுக்கும் உள்ளே பெயர் எழுதி வைக்கவில்லை. "தம்பி, மூணுல எதுப்பா பேலன்ஸ்?" என்று அவர் கேட்க வேண்டியிருக்கிறது. தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை இன்னொருவர் கண்ணால்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டியவர் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

அந்த ஒரு வரி விடுபட்டதைக் கண்டுபிடித்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது டீக் சிஸ்டம்ஸ். 1999இல் பிரீத்தி குமார் தொடங்கியது. தலைமையிடம் அமெரிக்காவின் வர்ஜீனியா, இந்தியாவில் ஹைதராபாத்தில் அலுவலகம். உலகளாவிய வலைத்தள அமைப்பான டபிள்யூ3சி, இணைய உள்ளடக்க அணுகல்தன்மை நெறிமுறைகளின் முதல் பதிப்பை வெளியிட்டதும் அதே 1999இல்தான். சுருக்கமாக அதை டபிள்யூகேக் என்பார்கள். 2008இல் 2.0, 2018இல் 2.1, 2023 அக்டோபரில் 2.2 என்று அது வளர்ந்தது. அதன் விதிகளை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டு நிலைகளையும் சேர்த்தால் இன்றைய பதிப்பில் சரிபார்க்க வேண்டியவை 55. சட்டங்களும் ஒப்பந்தங்களும் பெரும்பாலும் இந்த இரண்டாம் நிலையைத்தான் கேட்கின்றன.

டீக் செய்த பெரிய காரியம், தன் சோதனை இயந்திரமான ஆக்ஸ்-கோரை, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி 2015இல் திறந்த மூலமாக வெளியே விட்டது. இன்று குரோம் உலாவிக்குள் இருக்கும் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி அணுகல்தன்மைக்கு மதிப்பெண் போடுவது இதை வைத்துத்தான். மைக்ரோசாஃப்டின் சோதனைக் கருவியான அக்சஸிபிலிட்டி இன்சைட்ஸுக்கு உள்ளேயும் இதுதான் ஓடுகிறது. அப்படியானால் இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு நிறுவனம் எதை விற்கிறது? அதன் மேல் கட்டிய பெரிய கருவிகளை, மனிதர்களை வைத்துச் செய்யும் தணிக்கையை, டீக் யுனிவர்சிட்டி என்ற பெயரில் நடத்தும் பயிற்சியை. இதில் பயிற்சிதான் விஷயத்தின் மையம் என்பது என் எண்ணம். காரணம் புரிய, சோதனை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

கணினியில் குரோமைத் திறந்து, ஆக்ஸ் டெவ்டூல்ஸ் என்ற நீட்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். அடிப்படைப் பதிப்புக்குக் காசு இல்லை. ஏதாவது ஒரு பக்கத்தில் நின்று எஃப்12 அழுத்தினால் கீழேயோ பக்கவாட்டிலோ ஒரு பலகை திறக்கும், அதில் ஆக்ஸ் என்ற தாவல் இருக்கும். ஸ்கேன் பட்டனைத் தட்டினால் சில நொடிகளில் பட்டியல் வந்துவிடும். இந்தப் படத்துக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் எழுத்து) இல்லை, இந்த எழுதும் பெட்டிக்குப் பெயர் இல்லை, இந்தப் பட்டன் வெறுமையாக இருக்கிறது, இந்த எழுத்தின் நிறம் பின்னணியோடு ஒட்டிப்போகிறது, பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று சொல்லப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் நிரலில் எந்த இடம், எவ்வளவு கடுமை, எப்படிச் சரிசெய்வது என்று கூடவே சொல்லும். சந்தேகமானவற்றைத் தவறு என்று அடித்துச் சொல்லாமல், மனிதர் பார்க்க வேண்டியவை என்று தனியாக ஒதுக்கி வைக்கும். தவறில்லாததைத் தவறு என்று காட்டக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் கொள்கை. வீண் எச்சரிக்கை நாலு வந்தால் நிரலாளர் கருவியையே மூடிவிடுவார் என்று தெரிந்து வைத்த கொள்கை அது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை இதே மாதிரி இயந்திரம் வைத்துச் சோதிக்கிறது. 2025இல் 94.8 சதவீதப் பக்கங்களில் தவறு இருந்தது. கண்டுபிடித்த தவறுகளில் கிட்டத்தட்ட 96 சதவீதம் ஆறே வகைக்குள் அடங்கிவிட்டன. மங்கிய எழுத்து, மாற்று உரை இல்லாத படம், பெயரில்லாத படிவப் பெட்டி, வெற்று இணைப்பு, வெற்றுப் பட்டன், மொழி குறிக்காத பக்கம். எதற்கும் பெரிய அறிவியல் தேவையில்லை. கல்லூரி முதலாம் ஆண்டு மாணவரே ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டு சரிசெய்யக்கூடியவை.

இவற்றில் மங்கிய எழுத்து பார்வை இல்லாதவருக்கான விஷயமே இல்லை. நம் கரையில் கண் நன்றாகத் தெரிகிறவரையும் அது தினமும் படுத்துகிறது. மே மாதம் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பாம்பன் ஜெட்டியில் நின்று போனைப் பாருங்கள். தலைக்கு மேலே வெயில், எதிரே தண்ணீரிலிருந்து அடிக்கும் வெளிச்சம். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் நிறத்தில் எழுதியிருந்தால் திரை வெறும் கண்ணாடிதான். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது நெறிமுறை. வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்த வெளிர் சாம்பல் நிறங்களில் பல 3க்கு 1ஐக்கூட எட்டுவதில்லை. ஏசி அறையில் பெரிய திரையில் பார்த்தபோது அழகாக இருந்திருக்கும். இதைக் கருவி ஒரு நொடியில் பிடித்துவிடும். கணக்குப் போடக்கூடியது எதையும் அது விடாது.

கணக்குப் போட முடியாததில்தான் சிக்கல். டீக் நிறுவனமே 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தன் தணிக்கைகளில் கிடைத்த ஏறத்தாழ மூன்று லட்சம் குறைகளை எண்ணிப் பார்த்து, 57 சதவீதத்தைத் தானியங்கிச் சோதனையே கண்டுபிடித்துவிடுகிறது என்று சொன்னது. அதற்கு முன்பு துறையில் பொதுவாகச் சொல்லிவந்தது 20 முதல் 30 சதவீதம். இரண்டும் வேறு வேறு கணக்கு. பழையது எத்தனை விதிகளைக் கருவியால் சோதிக்க முடியும் என்று பார்த்தது. புதியது எத்தனை குறைகள் சிக்கின என்று எண்ணியது. நிற வேறுபாடு மாதிரி ஒரே தவறு ஒரு பக்கத்தில் இருபது இடத்தில் வந்தால் இரண்டாவது கணக்கு தானாகவே ஏறும். விற்பவர் சொல்லும் எண் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் அவர்களே ஒப்புக்கொள்வதைக் கவனியுங்கள்: மீதி 43 சதவீதத்துக்கு மனிதர்தான் வேண்டும்.

தமிழுக்கு வந்தால் அந்த மீதி இன்னும் பெருக்கும் என்று நினைக்கிறேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தெரிய வேண்டுமானால் உள்ளே இருப்பது எம், கே, செமிகோலன், கே, ஹெச். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் குவியல். ஸ்கிரீன் ரீடர் அதை அப்படியே ஆங்கிலத்தில் கூட்டி வாசிக்க முயன்று, எந்த மொழியும் இல்லாத ஒரு சத்தத்தை எழுப்பும். இப்படி ஒரு பக்கத்தை ஆக்ஸிடம் கொடுத்தால் என்ன ஆகும்? தலைப்புகள் ஒழுங்காக இருக்கின்றன, நிறம் சரி, மொழி தமிழ் என்று குறித்திருக்கிறது, எல்லாப் பெட்டிக்கும் பெயர் இருக்கிறது. தேறிவிட்டது. ஒரு சொல்கூட உருப்படியாகக் காதில் விழாது, ஆனால் குறை பூஜ்யம்.

இன்னொன்று, யூனிகோடுத் தமிழிலேயே எழுதிய பக்கம், ஆனால் வார்ப்புரு ஆங்கிலத் தளத்திலிருந்து வந்ததால் மொழி ஆங்கிலம் என்றே குறிக்கப்பட்டிருக்கும். மொழி குறித்திருக்கிறதா, குறித்தது முறையான மொழிக் குறியீடா என்றுதான் கருவி பார்க்கும். எழுத்து எந்த மொழி என்று வாசித்துப் பார்க்காது. அதுவும் தேறிவிடும். ஸ்கிரீன் ரீடரோ ஆங்கிலக் குரலிடம் தமிழைக் கொடுக்கும். குரலைப் பொறுத்துத் தடுமாறும், அல்லது அந்த இடத்தை விழுங்கிவிட்டு அடுத்ததுக்குத் தாவும். படத்துக்கு மாற்று உரையாக 'படம் 1' என்று எழுதினாலும் தேர்ச்சிதான்.

பிடிஎஃப் விவகாரம் இதைவிட மோசம். ஆணையைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, அதை ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். இணையத்தில் கிடைப்பது காகிதத்தின் புகைப்படம். ஆக்ஸ்-கோர் சோதிப்பது இணையப் பக்கத்தைத்தான், அதில் இணைத்த பிடிஎஃப்பின் உள்ளே அது போகாது. ஆக, பக்கத்துக்கு முழு மதிப்பெண் கிடைக்கலாம், பக்கத்தில் தொங்கும் பத்து ஆணைகளில் ஒன்றைக்கூடப் பார்வை இல்லாதவரால் படிக்க முடியாமலும் இருக்கலாம். தமிழ்நாட்டில் கடுமையான பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. அதைப் பற்றிய அறிவிப்பே இப்படிப் படமாக வந்தால், யாருக்காக எழுதினார்களோ அவர் அதை வாசிக்க இன்னொருவரைத் தேட வேண்டும்.

டபிள்யூகேக்கின் நான்கு அடிப்படைகளில் முதலாவது, ஒரு செய்தி ஒரே புலனை நம்பி நிற்கக் கூடாது என்பது. இந்தக் கரைக்கு இது புதிது கிடையாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். பகலில் கண்ணால் பார்க்கும் அடையாளம், இரவில் விளக்கு. கூடவே ஊருக்குள் மைக் கட்டிய ஆட்டோ வரும், கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கூண்டு பார்வை இல்லாதவருக்கு உதவாது, மைக் காது கேளாதவருக்கு உதவாது. இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் எல்லோருக்கும் போய்ச் சேரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைக் கேட்டு வளர்ந்த ஊர்களில், எச்சரிக்கை ஒருவருக்கும் விடுபடக் கூடாது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்றைக்கு அதே எச்சரிக்கை வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமாக வருகிறது. வரைபடம், அதன் மேல் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளுமாக நிறங்கள், ஓரத்தில் பொடி எழுத்தில் காற்றின் வேகம். டாக்பேக் "படம்" என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். நிறக்குருடு உள்ளவருக்குச் சிவப்பு எது, ஆரஞ்சு எது என்று பிடிபடாது. படத்துக்குக் கீழே 'மன்னார் வளைகுடாவில் பலத்த காற்று, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று இரண்டு வரி தட்டச்சு செய்து போட்டால் பிரச்சினை தீர்ந்தது. அனுப்புகிறவருக்கு அரை நிமிடம் ஆகும். இதற்கு மென்பொருளே வேண்டாம், யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். பயிற்சியை மையம் என்றது இதனால்தான்.

விரல் ரேகையையும் இங்கே சொல்லியாக வேண்டும். வலை இழுத்து, உப்பிலும் ஐஸிலும் கை ஊறி, பாசி எடுத்து, மீன் அறுத்துத் தேய்ந்த விரலை இயந்திரம் பல நேரம் ஏற்றுக்கொள்வதில்லை. ஓர் உடல் அடையாளத்தை மட்டுமே நம்பி ஆளைச் சரிபார்க்கக் கூடாது, மாற்று வழி வேண்டும் என்று ஐரோப்பியத் தரமான இஎன் 301 549 தெளிவாகச் சொல்கிறது. அணுகல்தன்மையைக் கண், காது என்று மட்டும் நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பல தளங்களின் ஓரத்தில் கை விரித்த மனித உருவம் ஒன்று மிதக்கும். தட்டினால் எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம். ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுக்கத் தானாகவே சரியாகிவிடும் என்று சொல்லி இவற்றை விற்கிறார்கள். அப்படி விளம்பரம் செய்த அக்சசிபி நிறுவனத்தை 2025இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. பெயரில்லாத பட்டனுக்கு வெளியிலிருந்து சரியான பெயர் வைக்க முடியாது, அது என்ன பட்டன் என்று கட்டியவருக்குத்தான் தெரியும். சோதனைக் கருவி குறையைச் சொல்லிவிட்டு வேலையைக் கட்டியவரிடம் திருப்பிக் கொடுக்கிறது. நான் அந்தப் பக்கம்தான்.

சரி, நிறுவனங்கள் இதற்கு ஏன் காசு செலவு செய்கின்றன? பெரும்பாலும் வழக்குக்குப் பயந்து. அமெரிக்காவில் பார்வையற்றோர் கூட்டமைப்பு டார்கெட் கடைகளின் இணையதளத்தின் மேல் 2006இல் தொடுத்த வழக்கு, 2008இல் 60 லட்சம் டாலரில் சமரசமானது. அதற்குப் பிறகு அங்கே இது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் அணுகல்தன்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 42இல் மின்னணு வடிவில் வரும் உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. பிரிவு 89இன்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை, அடுத்ததற்கு 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். மின்னணுப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரமும் வந்துவிட்டது. ஆனால் விதிகள் வெறும் பரிந்துரை என்ற அளவிலேயே பல ஆண்டுகள் கிடந்தன. 2024 நவம்பர் 8இல் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து, கட்டாயமான தரங்களை வகுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 30இல் இன்னும் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் அமில வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூன். ஆளை இணையத்திலேயே சரிபார்க்கும் இ-கேஒய்சியில் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள், முகம் சிதைந்தவரால் அது எப்படி முடியும் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. அப்புறம் ஜூலையில் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி, தன் கீழ் இருக்கும் நிறுவனங்கள் எல்லாம் தங்கள் தளங்களைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது.

இதில் நம் பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. தணிக்கைக்கு ஆள் வேண்டும். அதுவும் ஸ்கிரீன் ரீடரைத் தினமும் பயன்படுத்துகிறவர் சோதித்தால் அதன் மதிப்பே தனி. கண் தெரிகிற சோதனையாளர் கணினிக்கான ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ மென்பொருளை ஓடவிட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் திரையைப் பார்த்துவிடுவார். பார்வை இல்லாதவர் எங்கே மாட்டிக்கொள்கிறாரோ அதுதான் உண்மையான குறை. என்விடிஏ இலவசம், தமிழ்க் குரலும் உண்டு. டீக் யுனிவர்சிட்டி மாற்றுத்திறனாளிகளுக்குத் தன் பாடங்களை உதவித்தொகையாக இலவசமாகவே தருகிறது. 2021 முதல் ஆக்ஸ்-கான் என்ற மாநாட்டை இணையத்தில் கட்டணமின்றி நடத்துகிறது. மடிக்கணினியும் இணைப்பும் இருந்தால் தங்கச்சிமடத்திலிருந்தே செய்யக்கூடிய வேலை இது. பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பது பெரிய தடைதான். தமிழ் வழியில் படித்த பார்வையற்ற பட்டதாரிக்கு முதல் அத்தியாயத்திலேயே மூச்சு வாங்கும். இதைத் தமிழில் சொல்லித் தர ஆள் வேண்டும். மாவட்டத்தில் கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு வருகைப்பதிவு செயலியையே திரும்பத் திரும்பக் கட்டுவதற்குப் பதில், ஒரு குழு உள்ளூர்த் தளம் ஒன்றை எடுத்துப் பார்வையற்ற ஒருவரோடு உட்கார்ந்து தணிக்கை செய்யலாம். ஆக்ஸ்-கோரின் செய்திகள் ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு என்று மொழிக்கு ஒரு கோப்பாக இருக்கின்றன. தமிழுக்கு அப்படி ஒன்றை எழுதி அனுப்ப யார் அனுமதியும் வேண்டாம்.

படிக்கிறவருக்கு இதில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. திங்கட்கிழமை மனு நாளில் 'இணையதளம் சரியில்லை' என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் அது கோப்பில் தூங்கும். எந்தப் பக்கம், அதன் முகவரி என்ன, ஸ்கிரீன் ரீடர் அங்கே என்ன சொன்னது, எந்த வேலை அதனால் நின்றது என்று நாலு வரி எழுதுங்கள். ஆக்ஸ் காட்டும் பட்டியலை அச்செடுத்துப் பின்னால் இணையுங்கள். அதில் சிக்காத பாமினி எழுத்து, ஸ்கேன் பிடிஎஃப் போன்றவற்றைக் கையால் எழுதிச் சேருங்கள். பிரிவு 42, ஐஎஸ் 17802 இரண்டையும் குறிப்பிடுங்கள். ஒரு நகலை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் அனுப்புங்கள். அந்த மனுவையும் யூனிகோடிலேயே தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள், மனு யாருக்காகவோ அவரே அதை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட முடியும்.